சென்னை மருத்துவக் கல்லூரியும் பயிற்றுமொழியும்

1835-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 2-ஆம் நாள் இந்தியக் கல்வி வரலாற்றில் இருமுறை எண்ணத்தக்க நாளாகும். அன்றுதான் கல்கத்தாவில் மெக்காலே தம் கல்விக் குறிப்பில் கையெழுத்திட்டார். அதே நாளில் சென்னையில், ஆளுநர் சர் பிரெடெரிக் ஆடம் காலத்தில், பொது மருத்துவமனையைச் சார்ந்து ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கப்பெற்றது. இவ்விரு நிகழ்ச்சிகட்கும் நேரான தொடர்பு யாதும் இல்லை. கல்கத்தாவில் எழுதப்பட்ட ஓலை சென்னையை அடையப் பல நாள் செல்லும் காலம் அது. ஆயினும் ஒருவர் எழுத்தில் வற்புறுத்திய கொள்கையை மற்றவர் செயலில் முன்னரே மேற்கொண்டிருந்தனர் என்பது நோக்கத்தக்கது. சென்னைப் பள்ளியில் ஆங்கிலமே பயிற்றுமொழியாயிற்று. அதனை எதிர்த்தோ ஆதரித்தோ வழக்காடியவர் அன்று சென்னையில் இருந்ததாகத் தெரியவில்லை.

தமிழில் மருத்துவம் பயிற்ற இயலுமா என்னும் வினா எழும்போதெல்லாம், 'இயலுமெனின் இதுகாறும் ஏன் நிகழ்ந்திலது?' என்று எதிர்வினா எழுப்புவோர் உளர். அவர்க்கு விடையிறுக்க வேண்டுமாயின் உணர்ச்சியுரை பயன்படாது. வரலாற்றை நோக்குதல் வேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரியின் வரலாறு மருத்துவர்களால் பலகால் எழுதப்பட்டுள்ளது. மொழிநோக்கில் அதனை ஆராய்ந்தார் சிலரே. அக்குறையை ஒரு சிறிது நிரப்புதல் இக்கட்டுரையின் நோக்கம்.

கல்லூரிக்கு முன் மருத்துவமனையைக் கூறுதல் முறை. அது கல்லூரியினும் 170 ஆண்டு மூத்தது. 1664-இல் கிழக்கிந்தியக் கும்பெனியின் முகவராக இருந்த சர் எட்வர்டு விண்டர், கோட்டையில் நோயுற்று மடிந்துகொண்டிருந்த ஆங்கிலப் படைவீரர்க்கென ஓர் இல்லத்தை வாடகைக்கு அமர்த்தினார். கோட்டையை நிறுவியோருள் ஒருவராகிய ஆண்ட்ரூ கோகன் என்பாரின் வீடு அது. திங்களுக்கு 2 வராகன் வாடகை. தென்னாட்டின் தலைமை மருத்துவமனை ஒன்றன் தோற்றம் இவ்வளவு எளியது. அதன் நோக்கமும் எளியதே. ஒரு வணிகக் குழுவினர் தாம் சம்பளம் கொடுத்துக் கடல்கடந்து கொணர்ந்த ஆட்களை வீணே இழக்க விரும்பவில்லை. அறம் அதன்கண் அறவே இல்லை என்று யாம் கூறவில்லை. ஆயினும் கணக்கு முன்னே நின்றது.

எலிகு ஏல் ஆளுநராக இருந்தபோது, 1690-இல், கோட்டைக்குள்ளேயே மருத்துவமனைக்கு வேறிடம் அமைந்தது. 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைப்பட்டது, 1749-இல் மீண்டது, 1758-59-இல் லாலியின் முற்றுகை நேர்ந்தது. இப்போர்களின் விளைவாக மருத்துவமனை கோட்டையை விட்டு வெளியேறி, இடம் மாறி, ஈற்றில் 1772-இல் இன்றுள்ள இடத்தில் நிலைபெற்றது. எதிரே நிற்கும் சென்ட்ரல் இரயில் நிலையம் 1873-இல் எழுந்தது. அந்நிலையத்தில் இறங்குவோர் நிலையத்தை அடையாளமாகச் சொல்லி மருத்துவமனைக்கு வழி கேட்பர். ஆயினும் நூறாண்டு மூத்தது மருத்துவமனையே.

இனிப் பள்ளியின் தோற்றத்துக்கு வருவோம். பொது மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த மார்ட்டிமர் என்பவர் தனிப்பட்ட முறையில் நடத்திவந்த வகுப்பே 1835-இல் அரசு மருத்துவப் பள்ளியாக உருப்பெற்றது. ஜார்ஜ் ஹார்டிங் அவர்க்குத் துணையாக இருந்தார். அங்கே பயின்றோர் யாவர்? படைப்பிரிவுகளிலும் மாவட்ட மருந்தகங்களிலும் ஆங்கில மருத்துவர்க்குக் கீழிருந்து பணிபுரிய வேண்டிய துணைப்பணியாளர். ஐரோப்பியர் வழிவந்தோரும் இந்தியரும் அவருள் இருந்தனர். மருந்து கலக்குவோரும் புண் கட்டுவோரும் அளவறிந்து கொடுப்போரும் ஆகிய இவர்களை ஆக்குதலே பள்ளியின் முதற்பணி.

வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்காகப் பகுத்து, நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றனோடு உடனிருந்து பணிபுரிவானையும் சேர்த்து எண்ணினார். 'உழைச்செல்வான்' என்பது அவர் ஆண்ட சொல். 1835-இல் சென்னையில் அமைந்த பள்ளி உழைச்செல்வாரை உருவாக்கும் பள்ளியேயன்றி மருத்துவனை உருவாக்கும் பள்ளி அன்று. இதனை மறந்து, அப்பள்ளி தொடக்கத்திலேயே இந்நாட்டு மக்கட்கு மேனாட்டு மருத்துவ அறிவை வழங்க எழுந்தது என எழுதுவோர் உளர். அது பின்னை நிகழ்ச்சியை முன்னை நோக்கமாக ஏற்றிக் கூறுதலாம். உழைச்செல்வான் தன்மேல் உள்ள மருத்துவனின் கட்டளையைப் புரிந்துகொள்ளல் வேண்டும், அம்மருத்துவனோ ஆங்கிலன். ஆகவே ஆங்கிலம் அங்கே இயல்பாகவே புகுந்தது. தமிழின் ஆற்றலை அளந்து பார்த்துத் தகாது எனத் தள்ளியவர் எவரும் இலர்; அளந்து பார்க்கும் தேவையே அவர்க்குத் தோன்றவில்லை.

ஏனைய இரு மாகாணங்களில் நிலைமை வேறாக இருந்தது. கல்கத்தாவில் 1822-லேயே நாட்டு மருத்துவ நிலையம் ஒன்று நிறுவப்பட்டு இந்துஸ்தானியில் பாடம் நடந்தது. அதன் தலைவராக இருந்த பீட்டர் பிரெட்டன், உடலுறுப்புகளின் பெயர்களையும் மருத்துவச் சொற்களையும் ஆங்கிலம், அரபு, பாரசீகம், இந்தி, சமற்கிருதம் ஆகிய மொழிகளில் தொகுத்து 1825-இல் ஒரு சொற்பட்டியல் வெளியிட்டார். அவர்க்குப்பின் வந்த ஜான் டைட்லர் நாட்டுமொழிக் கல்விக்காகக் கடுமையாக வாதாடினார், தோற்றார். 1835 ஜனவரி 28-ஆம் நாளிட்ட ஆணையால் அந்நிலையம் கலைக்கப்பட்டு, ஆங்கிலவழிக் கல்கத்தா மருத்துவக் கல்லூரி அதனிடத்தில் எழுந்தது. பம்பாயில் 1826-இல் ஜான் மக்லெனன் என்பார் மராத்தியிலும் குஜராத்தியிலும் நூல்களைப் பெயர்த்துப் பாடம் நடத்தினார். 1832-இல் அது மூடப்பட்டது. பின்னர் 1845-இல் அங்கே கிராண்டு மருத்துவக் கல்லூரி ஆங்கிலவழியில் தோன்றியது. கல்கத்தாவிற்கு மீண்டும் ஒரு செய்தி உண்டு. ஆங்கிலம் வெற்றிபெற்ற அக்கல்லூரியிலேயே 1839-இல் இந்துஸ்தானி வகுப்பும் 1852-இல் வங்காளி வகுப்பும் தொடங்கவேண்டியதாயிற்று. ஆங்கிலம் கற்றார் தொகை சிறிது, நோயுற்றார் தொகை பெரிது என்பதே காரணம்.

சென்னையிலோ இவ்வழக்காடல் நிகழவில்லை. பிரெட்டனும் டைட்லரும் மக்லெனனும் இங்கே இலர். ஏன் இலர் என்பதற்கு யாம் காணும் காரணம் ஒன்று. சென்னை மாகாணம் ஒருமொழி மாகாணம் அன்று. தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் ஒரியாவும் வழங்கிய நிலப்பரப்புக்கு ஒரே பள்ளி. படைவீரரோடு பேச இந்துஸ்தானியும் வேண்டியிருந்தது. தமிழில் பாடம் நடத்தினால் கஞ்சத்திலும் மலையாளத்திலும் பணிபுரியச் செல்வார்க்கு அது பயன்படாது என்று எளிதில் கூறிவிடலாம். இது பொய்க்காரணம் அன்று, மெய்யான இடர்ப்பாடே. ஆயினும் மொழிதோறும் ஒரு வகுப்பு என்னும் கல்கத்தா வழி இங்கும் திறந்தே இருந்தது. அவ்வழியில் எவரும் நடக்கவில்லை.

1842-இல் அரசுப் பணியாளரல்லாத இந்தியர்க்கும் பள்ளியின் கதவு திறந்தது. 1850 அக்டோபர் 1-ஆம் நாள் பள்ளி, 'சென்னை மருத்துவக் கல்லூரி' எனப் பெயர் பெற்றது. அக்கல்லூரியின் முதல் அணியினர் 1852-இல் தேர்ந்து வெளிவந்தனர். 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபின் கல்லூரி அதனோடு இணைந்தது. உழைச்செல்வானை ஆக்கிய இடம் மருத்துவனை ஆக்கும் இடமாக மாறியது இந்த இருபது ஆண்டுக் காலத்தில்தான். அரசாணையில் ஒரு வரியாக முடிந்த இப்பெயர்மாற்றம், ஒரு தமிழ் இளைஞன் தன் பெயரால் தானே மருந்தெழுதிக் கொடுக்கும் உரிமை பெற்றதைக் குறிப்பதாகும்.

இக்காலத்தில் தமிழ் அம்மருத்துவமனைக்குள் புகவே இல்லையோ எனின், புகுந்தது. கடைத்தெரு வழியாகப் புகுந்தது. சென்னைப் படையில் மருத்துவராக இருந்த வைட்லா எயின்ஸ்லி 1813-இல் சென்னை அரசு அச்சகத்தின் வாயிலாக இந்துஸ்தான மருந்துப் பொருள்கள் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். அதனை விரித்து 1826-இல் இலண்டனில் இரு தொகுதிகளாக மீண்டும் பதிப்பித்தார். ஒவ்வொரு பொருளுக்கும் தமிழ்ப்பெயர் அதில் இடம்பெறுகின்றது. தமிழ் மருத்துவ நூல்களின் பட்டியலும் உண்டு. ஐரோப்பாவிலிருந்து மருந்து வரக் கப்பலை எதிர்நோக்கியிருந்த மருத்துவர்க்கு உள்ளூர்ப் பொருளின் பெயர் தெரிதல் இன்றியமையாததாயிற்று. சுக்கும் கடுக்காயும் வாங்க வேண்டுமாயின் கடைக்காரனுக்கு விளங்கும் சொல்லால் கேட்டல் வேண்டுமன்றோ?

இப்பணியைத் தொடர்ந்தவர் சென்னைக் கல்லூரியிலேயே பயின்று வெளிவந்த மொகிதீன் ஷெரீப் ஆவர். திருவல்லிக்கேணி மருந்தகத்தில் பணிபுரிந்த அவர், 1868-இல் வேரிங் பதிப்பித்த இந்திய மருந்து நூலுக்கு 1869-இல் ஒரு பின்னிணைப்பு எழுதினார். இந்திய மருந்துப் பெயர்களைப் பல மொழிகளில் ஒப்புநோக்கித் தருவது அது. ஒரே பெயர் இரு பொருளைக் குறித்தலும், ஒரே பொருள் ஊருக்கொரு பெயர் பெறுதலும் நோயாளியின் உயிரோடு விளையாடும் செயலாகும் என்பதை அவர் தொழிலில் கண்டறிந்தவர். நிலவேம்பும் வடநாட்டுச் சிரட்டைக்குச்சியும் கடைகளில் ஒன்றற்கு மற்றொன்றாக விற்கப்பட்டமை இதற்கு எடுத்துக்காட்டு. அவர்தம் சென்னை மருந்துப் பொருள் நூல் அவர் மறைவுக்குப்பின் 1891-இல் வெளிவந்தது. சொல்லாராய்ச்சி செய்வோர் நம் துறையில் பலர் உளர். மரஞ்செடிகளின் பெயர்வழக்கு ஆராய்ச்சிக்கு இந்நூல்களைப் பயன்கொண்டோர் மிகச் சிலரே. இது நம் குறை.

தமிழ்ப் பெயர்கள் நூலில் ஏறின. தமிழ்த் தொடர்கள் வகுப்பறையில் ஏறவில்லை. அவை ஏறிய இடம் வேறு. பாக்கு நீரிணைக்கு அப்பால், யாழ்ப்பாணத்து மானிப்பாயில், சென்னைக் கல்லூரி பட்டம் பெற்றோரை வெளியிடத் தொடங்கிய அதே காலத்தில், ஒருவர் தமிழில் மேனாட்டு மருத்துவம் கற்பிக்க முனைந்தார். அமெரிக்க மிஷனைச் சார்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பார் அவர். 1822-இல் மாசசூசெட்சு மாநிலத்து உஸ்ற்றரில் பிறந்து, 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, 1848-இல் வகுப்புத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலத்தில் கற்றவர் ஊரில் தங்காது அரசுப் பணியையும் நகரையும் நாடிச் செல்வதைக் கண்டு, தாயகம் சென்று 1862-இல் மீண்டபின் தமிழையே பயிற்றுமொழியாக்கினார். 1873-இல் விடைபெற்றுச் சென்றும், 1884-இல் மறையும்வரை அமெரிக்காவிலிருந்தே நூற்பணியைத் தொடர்ந்தார். அவரிடம் பயின்று மருத்துவரானோர் அறுபதின்மருக்கு மேற்பட்டவர். அவரும் அவர்தம் மாணாக்கரும் தமிழில் ஆக்கிய மருத்துவ நூல்கள் நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டவை.

அந்நூற்பெயர்களைத் தமிழ் மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். 'பிரசவ வைத்தியம்' 1857-இலும், 'இரண வைத்தியம்' 1867-இலும், 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்' ஆகியவை 1872-இலும், 'கெமிஸ்தம்' 1875-இலும், 'மனுஷ சுகரணம்' 1883-இலும் வெளிவந்தன. 'மனுஷ அங்காதிபாதம்' கிரே என்பாரின் உடற்கூற்று நூலைத் தழுவியது. அதன் ஆங்கில முதனூல் 1858-இல் வெளிவந்தது. பதினான்கு ஆண்டுக்குள் அது தமிழில் கிடைத்தது. அக்காலத்துக் கப்பற்போக்குவரத்தையும் அச்சு வசதியையும் எண்ணிப் பார்த்தால் இவ்விரைவு வியப்பளிப்பதாகும்.

இச்சொற்களின் அமைப்பு ஆராயத்தக்கது. 'அங்காதிபாதம்' என்பது இன்று நாம் 'உடற்கூற்றியல்' எனக் கூறுவது. வடசொற்றொடர் என்று இதனைத் தள்ளிவிடுவோர் உண்டு. ஆனால் 'கேசாதிபாதம்', 'பாதாதிகேசம்' என்னும் சிற்றிலக்கிய வகைகளை அறிந்த தமிழ்ச்செவிக்கு இச்சொல் அயலாக ஒலித்திராது. உடலை உறுப்புறுப்பாக வரிசைப்படுத்திக் கூறும் மரபு நம்மிடம் பாட்டில் இருந்தது. அம்மரபின் நிழல் இப்பெயரில் விழுந்துள்ளது என்பது எம் கருத்து. 'சுகரணம்' என்பது உடலியங்கியல். கருவி என்னும் பொருள்தரும் 'கரணம்' என்னும் சொல்லினின்று ஆக்கப்பட்டது. 'கெமிஸ்தம்' ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் ஈறு கொடுத்த ஆக்கம். முதலில் தமிழ் வழக்கு, அது கிட்டாவிடத்து வடசொல், அதுவும் கிட்டாவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்பத் திரித்தல் என்பது கிறீன் கொண்ட வரிசைமுறை. இன்று கலைச்சொல் ஆக்குவோர் வடசொல்லின் இடத்தில் பழந்தமிழ் வேர்ச்சொல்லை வைப்பர். வரிசைமுறை பெரிதும் வேறுபடவில்லை.

கிறீன் ஒரு சமயப் பணியாளர். தமிழர்க்கு மருத்துவ ஊழியம் புரிந்தவர் என்னும் பொருள்படத் தம் கல்லறையில் எழுதுமாறு விரும்பியவர். சமயம் பரப்புதலும் அவர் நோக்கத்துள் அடங்கும் என்பதை மறைத்தல் வேண்டா. ஆனால் தமிழில் மருத்துவம் கற்பிக்க இயலாது என்பார்க்கு அவர் வகுப்பறை விடையாக நிற்கின்றது. அங்கே தமிழில் கற்றோர் கை உறுப்பை அறுத்தது, கண்படலம் நீக்கியது, மகப்பேற்றில் இடர்ப்பட்ட உயிர்களைக் காத்தது.

அங்ஙனமாயின் அந்நூல்கள் சென்னைக் கல்லூரிக்குள் ஏன் நுழையவில்லை? இலங்கை தனியாட்சிக்கு உட்பட்டது என்பது ஒன்று. அதனினும் வலிய காரணம், சென்னையில் மருத்துவக் கல்வி என்பது பணிக்குச் செல்லும் சீட்டாக இருந்தது என்பதே. மானிப்பாயில் பயின்றவன் தன் ஊரில் தானே தொழில் செய்வான். சென்னையில் பயின்றவன் அரசுப் பணியில் ஓர் ஆங்கில அலுவலர்க்குக் கீழ் அறிக்கை எழுதுவான். இலங்கையிலுங்கூட 1870-இல் கொழும்பில் அரசு மருத்துவப் பள்ளி ஆங்கிலவழியில் தோன்றியபின் மானிப்பாயின் வழி குறுகிற்று. நூல்கள் நல்லனவாக இருந்தும், அவற்றைப் படித்தார்க்கு வேலை இல்லையாயின் அவை நூலக அலமாரியில் உறங்கும். நம் நாட்டில் பயிற்றுமொழி வழக்கு ஒவ்வொன்றும் இவ்விடத்திலேயே வந்து முட்டுகின்றது.

கல்லூரியின் வரலாற்றில் பெருமையுடன் கூறத்தக்க பகுதி ஒன்று உண்டு. அதில் மொழிச் சிக்கலும் மறைந்து நிற்கின்றது. 1875-இல் நான்கு பெண்கள் மாணவராகச் சேர்க்கப்பெற்றனர். பெண்களுக்கு மருத்துவக் கல்லூரிகளின் வாயில் உலகின் பெரும்பகுதியில் அடைபட்டிருந்த காலம் அது. இலண்டனில் பெண்களுக்கெனத் தனி மருத்துவப் பள்ளி தோன்றியதே 1874-இல்தான். அந்நால்வருள் ஒருவர் மேரி ஷார்லீப். வழக்கறிஞராகிய கணவருடன் சென்னைக்கு வந்தவர். திரைக்குள் வாழ்ந்த பெண்கள் ஆண் மருத்துவர் கண்ணிற்படுதலை விட இறத்தலே மேல் எனக் கிடந்ததை அறிந்து, மருத்துவம் கற்கத் துணிந்தார். மருத்துவத்துறைத் தலைவராகிய எட்வர்டு பால்பர் ஆதரவு நல்கினார். 1878-இல் தேர்ந்த ஷார்லீப், இலண்டனில் மேலும் பயின்று 1883-இல் மீண்டு வந்தார். 1885-இல் சாதிப் பெண்டிர்க்கும் கோஷாப் பெண்டிர்க்குமென அவர் தொடங்கிய மருத்துவமனையே, பின்னர்த் திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக நிலைபெற்றது.

கல்கத்தாக் கல்லூரி பெண்களைச் சேர்க்க மறுத்தமையால் அபலா தாசு என்னும் வங்கப் பெண்மணி 1882-இல் சென்னைக்கு வந்து பயின்றார். அறிவியலறிஞர் சகதீச சந்திர போசின் வாழ்க்கைத் துணைவியாகப் பின்னர்ப் புகழ்பெற்றவர் அவரே. அவர்க்கு முன் 1878-இல் சேர்ந்தவர் கிருபாபாய் சத்தியநாதன். உடல்நலம் இடங்கொடாமையால் ஓராண்டோடு படிப்பை நிறுத்தினார். பின்னர் அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'சகுணா' என்னும் புதினம் 1887-88-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழில் தொடராக வந்தது. இந்தியப் பெண்ணொருத்தி தன் வாழ்வையே கதைப்பொருளாக்கி எழுதிய தொடக்ககால ஆங்கிலப் புதினங்களுள் அது ஒன்று. 1894-இல் அவர் இளமையிலேயே மறைந்தார். மருத்துவக் கல்லூரி ஒரு மருத்துவரை இழந்து இலக்கியத்துக்கு ஓர் எழுத்தாளரைத் தந்தது என்று வேடிக்கையாகக் கூறலாம். அவர்தம் நோயின் துயரை எண்ணும்போது வேடிக்கை தோன்றவில்லை.

இப்பெண் மருத்துவர்களின் நோயாளிகள் பேசிய மொழி தமிழும் தெலுங்கும் இந்துஸ்தானியும். நாணம் மிகுந்த ஒருத்தி தன் நோயைச் சொல்லாற் கூறுதலே அரிது. அதனை வேற்றுமொழியாளர் உணர்ந்து கொள்ளுதல் அதனினும் அரிது. எனவே இந்நாட்டுப் பெண்களே மருத்துவராதல் வேண்டும் என்னும் தேவை நாளடைவில் வலுத்தது. புதுக்கோட்டையினின்று வந்து 1907-இல் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி அத்தேவைக்கு விடையாக வந்தவர். சட்டமன்றத்தில் அவர் ஆற்றிய பணி யாவரும் அறிந்தது. 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவ நிலையத்தை நிறுவினார். 'புற்று' என்னும் பழஞ்சொல் அந்நோய்க்குப் பெயராக நாடெங்கும் வழங்கியதில் அந்நிலையத்தின் பங்கு சிறிதன்று.

ஆராய்ச்சித் துறையில் கல்லூரியின் புகழ் 1903-இல் உலகறிய ஓங்கியது. உடலியங்கியற் பேராசிரியராகிய சார்லசு டொனவன், சென்னைப் பொது மருத்துவமனையில் மண்ணீரல் வீங்கிய நோயாளர்களின் மண்ணீரலில் கருங்காய்ச்சலுக்குக் காரணமாகிய நுண்ணுயிரைக் கண்டார். இங்கிலாந்தில் லீஷ்மன் கண்டதும் இதனையே. ஆதலின் இருவர் பெயரும் இணைந்து அதற்குப் பெயராயின. கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் வேறுவகையில் நினைக்கத்தக்கவர். கதராடை உடுத்து அறுவைக் கூடத்துள் வந்தமையால் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்கு மாறாக எல்.எம்.எஸ். பெற்றார் என்பது அவர் வாழ்க்கை வரலாறு கூறும் செய்தி. அரசு மருத்துவப் பணியில் இடம் கிட்டாத அவரைச் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியே ஏற்றுக்கொண்டது. 1923-இல் அமெரிக்கா சென்றபின் அவர் செய்த ஆராய்ச்சிகளை விரித்தல் இங்கு வேண்டா.

இருபதாம் நூற்றாண்டில் மொழிச் சிக்கல் வேறோர் உருவில் எழுந்தது. 1914-இல் சென்னை மருத்துவர் பதிவுச் சட்டம் வந்தது. ஆங்கில மருத்துவக் கல்லூரியில் தேர்ந்தவர் பதிவு பெற்றனர். வழிவழி வந்த தமிழ் மருத்துவர் அச்சட்டத்தின் கண்ணில் படவில்லை. அதுவரை ஆங்கிலமருத்துவனும் வைத்தியனும் ஒரே தெருவில் இரு தொழிலாளர். அதன்பின் ஒருவர் சட்டமுடையார், மற்றவர் சட்டமிலார். இதனை எதிர்த்தெழுந்த குரல்களின் விளைவாக 1921-இல் முகம்மது உசுமான் தலைமையில் அரசு ஒரு குழுவை அமர்த்தியது. 1923-இல் அறிக்கை வெளிவந்தது. 1925-இல் சித்தம், ஆயுர்வேதம், யூனானி மூன்றும் பயிற்றும் அரசு இந்திய மருத்துவப் பள்ளி சென்னையில் தொடங்கப்பெற்றது. ஜி. சீனிவாசமூர்த்தி அதன் தலைவரானார். அவரே மேனாட்டு மருத்துவம் கற்றவர் என்பது குறிப்பிடத்தக்கது.

கலைச்சொற் பணியும் இக்காலத்தில் கிளர்ந்தது. 1916-இல் சேலத்தில் இராசகோபாலாச்சாரியாரும் நண்பரும் தமிழ் அறிவியற்சொற் சங்கம் கண்டு ஓர் இதழ் நடத்தினர். டி. வி. சாம்பசிவம் பிள்ளை தனியொருவராக நின்று மருத்துவ அகராதியை உருவாக்கி 1931 முதல் வெளியிட்டார். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938-இல் 'கலைச்சொற்கள்' தொகுதியை வெளியிட்டது. இம்மூவகை முயற்சியிலும் மருத்துவக் கல்லூரி அமைப்பு என்ற முறையில் ஈடுபட்டிலது. தனிமனிதர் சிலர் உதவினர், அவ்வளவே. குற்றம் கல்லூரிமேல் மட்டும் அன்று. 1938-இல் சொல் ஆக்கிய நம்மவர் 1872-இல் மானிப்பாயில் ஆக்கிய சொற்களை எடுத்தாராய்ந்து கொள்வன கொண்டு தள்ளுவன தள்ளியிருத்தல் வேண்டும். ஒவ்வொரு தலைமுறையும் முதலிலிருந்து தொடங்குவது தமிழ்க் கலைச்சொல் வரலாற்றின் தீராநோயாக உள்ளது.

1939-இல் ஆ. இலட்சுமணசாமி முதலியார் கல்லூரியின் முதல்வரானார்; அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே. மகப்பேற்று மருத்துவத்தில் அவர் எழுதிய ஆங்கிலப் பாடநூல் பல தலைமுறை மாணவர்க்குக் கைந்நூலாயிற்று. 1942 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார். தமிழன் ஒருவன் எழுதிய மருத்துவப் பாடநூல் உலகெங்கும் பயிலப்பட்டது என மகிழ்கிறோம். கிறீன் என்னும் அமெரிக்கர் தமிழில் எழுதினார், தமிழ்நாட்டு அறிஞர் ஆங்கிலத்தில் எழுதினார் என்பதையும் உடன்வைத்து நோக்குகிறோம். இதில் எவரையும் பழித்தல் எம் கருத்தன்று. இருவரும் தத்தம் நூலைப் படிப்பார் எங்குள்ளார் என்று நோக்கியே மொழியைத் தேர்ந்தனர்.

மருத்துவமனையின் கூடங்களிலோ மக்கள் தாமே ஒரு சொற்றொகுதியை ஆக்கிக்கொண்டனர். 'பெரியாஸ்பத்திரி', 'தர்மாஸ்பத்திரி', 'வார்டு', 'ஓ.பி. சீட்டு', 'கம்பவுண்டர்', 'கட்டுக்கட்டுதல்', 'ஊசி போடுதல்' என்னும் இவற்றை எந்தக் குழுவும் கூடி ஆக்கவில்லை. 'ஊசி' என்னும் ஈரெழுத்துச் சொல் தையற்காரனிடமிருந்து மருத்துவனிடம் சென்று, மருந்தையும் கருவியையும் செயலையும் ஒருங்கே குறிக்கலாயிற்று. 2011-இல் மருத்துவமனைக்கு இராசீவ் காந்தியின் பெயர் சூட்டப்பட்டது. வெளியூரினின்று வருவோர் வாயில் அது இன்றும் 'ஜி.எச்.' என்றே வழங்குகின்றது. இச்சொற்களைக் கூடந்தோறும் சென்று தொகுத்தல் முதுகலை மாணவர் மேற்கொள்ளத்தக்க நல்ல ஆய்வுப்பொருளாகும்.

1925-இல் தோன்றிய இந்திய மருத்துவப் பள்ளி பின்னர் நாட்டு மருத்துவக் கல்லூரியாக உயர்ந்தது. அதன் வளாகம் கீழ்ப்பாக்கத்தில் இருந்தது. 1960-இல் அக்கல்லூரி மேனாட்டு மருத்துவக் கல்லூரியாக மாற்றப்பட்டது. சித்த மருத்துவத்துக்கு 1964-இல் பாளையங்கோட்டையில் வேறு கல்லூரி அமைந்தது. கீழ்ப்பாக்கத்தில் அன்று முதல் பயிற்றுமொழி ஆங்கிலம்.